ஏஜென்சி காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடும் முன்: மலையில் இருந்து வேலை பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் கணக்கு எழுதுவதும் வரித் தாக்கல் செய்து கொடுப்பதும் என் தொழில். கோவை, பெங்களூரு, சென்னை ஏஜென்சிகளுக்குக் காண்ட்ராக்டில் வேலை செய்பவர்கள் இப்போது கோத்தகிரி, கேத்தி, அருவங்காடு, கூடலூர் என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். சாஃப்ட்வேர் சோதிப்பவர், மொழிபெயர்ப்பவர், டிசைனர், போட்டோ எடுப்பவர் எனப் பல வகை. அவர்களில் பாதிப் பேர் பணம் வராமல் நின்ற பிறகுதான் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். கேட்பதும் அநேகமாக ஒரே கேள்விகள்தான். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை அல்லது வழக்கு என்றால் வக்கீலிடம்தான் போக வேண்டும். கையெழுத்துக்கு முன் நீங்களே பார்த்துவிடக்கூடியவை மட்டும் இங்கே.

ஏஜென்சி மூலமா காண்ட்ராக்ட் வேலைன்னா நான் அவங்க ஊழியரா, இல்லையா?

இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஏஜென்சி உங்களைத் தன் சம்பளப் பட்டியலில் வைத்துக்கொண்டு கிளையன்ட் கம்பெனிக்கு அனுப்பும். சம்பளச் சீட்டு வரும், பிஎஃப் பிடிப்பார்கள், நீங்கள் ஏஜென்சியின் ஊழியர். மற்றதில் நீங்கள் தனி ஆள்: மாதாமாதம் இன்வாய்ஸ் அனுப்புவீர்கள், அவர்கள் டிடிஎஸ் (உங்கள் வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை) பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். லீவுக்குப் பணம் கிடையாது, பிஎஃப் கிடையாது, போனஸ் கிடையாது.

போனில் பேசும்போது இரண்டையும் "காண்ட்ராக்ட் ஜாப்" என்றே சொல்வார்கள். ஒப்பந்தத்தில் சம்பளம் என்று இருக்கிறதா, கட்டணம் என்று இருக்கிறதா, இன்வாய்ஸ் கேட்கிறார்களா என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் மீதி எல்லாம் இரண்டாவது வகையைப் பற்றியது.

ஏஜென்சி நிஜமானதுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஒப்பந்தத்தில் உள்ள கம்பெனிப் பெயரை மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் தேடுங்கள். ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டாலே யார் பெயரில் இருக்கிறது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். மெயிலில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் இன்னொரு பெயர், ஜிஎஸ்டியில் மூன்றாவது பெயர் என்றால் யார் மேல் உரிமை கோருவது என்பதே நாளைக்குச் சிக்கலாகும். விளம்பரப் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், கையெழுத்துப் போடும் கம்பெனியும் பணம் அனுப்பும் கம்பெனியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று உங்களிடம் பணம் கேட்டால் அதோடு விட்டுவிடுங்கள். வேலை செய்பவருக்குத்தான் பணம் வர வேண்டும்.

ஆஃபர் மெயில்ல எல்லாம் தெளிவா இருக்கே. அப்புறம் ஒப்பந்தத்தை ஏன் படிக்கணும்?

ஏனென்றால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில், பெரும்பாலும் "இதர" என்ற தலைப்பின் கீழ், இதற்கு முன் பேசியது எழுதியது எதுவும் செல்லாது, இந்த ஆவணமே முழு ஒப்பந்தம் என்று ஒரு ஷரத்து இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் ஆஃபர் மெயில், வாட்ஸ்அப் பேச்சு, "அதெல்லாம் பார்த்துக்கலாங்க" என்று எச்ஆர் சொன்னது எல்லாமே வலுவிழந்துவிடும். உங்களுக்கு முக்கியமானது எதுவோ அது ஒப்பந்தத்துக்குள் வர வேண்டும்.

நாப்பது பக்கம், அதுவும் இங்கிலீஷ்ல. எதை முதல்ல படிக்கறது?

பின்னால் இருந்து தொடங்குங்கள். முன்பகுதி எல்லோருக்கும் பொதுவான வாசகம். உங்கள் ரேட், வேலை நேரம், தொடங்கும் தேதி, யாருக்கு ரிப்போர்ட் செய்வது எல்லாம் கடைசியில் உள்ள இணைப்பிலோ (அனெக்ஷர்) தனி வொர்க் ஆர்டரிலோ இருக்கும். அந்த இணைப்பு காலியாக இருக்க, "பிறகு நிரப்புவோம்" என்றால் கையெழுத்தும் பிறகுதான்.

அடுத்து பணம் தரும் ஷரத்து, ஒப்பந்தத்தை முடிக்கும் ஷரத்து, நஷ்ட ஈடு ஷரத்து. இந்த மூன்றையும் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். புரியாத வரியை ஏஜென்சிக்கே மெயில் அனுப்பி விளக்கம் கேளுங்கள். அந்தப் பதில் மெயிலைப் பத்திரமாக வையுங்கள். ஒரு வரிக்கு இரண்டு அர்த்தம் சொல்ல முடிகிறபோது அது உதவும்.

மாசம் 60,000 பேசினாங்க. கைக்கு எவ்வளவு வரும்?

தொழில்முறைக் கட்டணம் என்று கணக்கில் காட்டினால் 10 சதவீதம் டிடிஎஸ். 6,000 போக 54,000 வரும். தொழில்நுட்பச் சேவை என்று காட்டினால் 2 சதவீதம்தான். எந்த வகை என்பதை முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும்.

பிடித்த டிடிஎஸ் தொலைந்துபோன பணம் இல்லை. உங்கள் பான் கணக்கில் வரவாக நிற்கும். கணக்குத் தாக்கல் செய்தால் வரிக்கு மேற்பட்டது திரும்பி வரும். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குக் கழிவு போக வரி இல்லை. அதனால் மாதம் 60,000 மட்டுமே வருமானம் என்றால் ஆண்டு முழுவதும் பிடித்த 72,000-மும் திரும்பக் கிடைக்க வேண்டும். ஆனால் ஏஜென்சி பிடித்ததை அரசிடம் கட்டி, உங்கள் பான் எண்ணில் சரியாகக் காட்டியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரித் தளத்தில் போய்ப் பாருங்கள்.

ரேட்டை நாள் கணக்கில் பேசியிருந்தால் இன்னொன்றும் உண்டு: கிளையன்ட் ஆபீஸ் மூடும் நாளெல்லாம் உங்களுக்குச் சம்பாத்தியம் இல்லாத நாள். தீபாவளி, கிறிஸ்துமஸ், வருடக் கடைசி வாரம் எல்லாம் சேர்த்து 12 மாதத்துக்கும் கணக்குப் போட்டுவிட்டு ரேட்டுக்குச் சரி சொல்லுங்கள்.

ஏஜென்சி பெங்களூர்ல இருக்கு, வேற ஸ்டேட்டுங்கறதால ஜிஎஸ்டி எடுத்தே ஆகணும்ங்கறாங்க. அப்படியா?

இல்லை. தமிழ்நாட்டில் சேவை செய்பவருக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வேறு மாநிலத்துக்குச் சேவை தருவதால் மட்டும் அந்த வரம்பு போய்விடாது. பொருள் விற்பவருக்கான விதியைச் சேவைக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். விருப்பப்பட்டு எடுக்கலாம். எடுத்தால் வரவே இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தாமதித்தால் அபராதம்.

பதிவு இருக்கிறவர்கள் ஒப்பந்தத்தில் ரேட் "வரி உட்பட" என்று இருக்கிறதா, "வரி தனி" என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 18 சதவீதம் யார் பையிலிருந்து போகிறது என்பதை அந்த ஒரு சொல்தான் தீர்மானிக்கிறது.

"கிளையன்ட் பணம் கொடுத்த பின் உங்களுக்குத் தருவோம்"னு இருக்கு. எல்லா ஏஜென்சியும் இப்படித்தானே?

நிறைய ஏஜென்சிகள் இப்படித்தான். ஆனாலும் என்னைக் கேட்டால், ஒரே ஒரு ஷரத்தை மாற்றச் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் மாற்றச் சொல்வேன். உங்களுக்கும் கிளையன்ட்டுக்கும் நடுவே எந்தக் காகிதமும் இல்லை. கிளையன்ட் பணம் கொடுத்தாரா என்று நீங்கள் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஏஜென்சிக்கும் கிளையன்ட்டுக்கும் வேறு ஏதோ தகராறு என்றாலும் உங்கள் மூன்று மாத உழைப்பு அதில் மாட்டிக்கொள்ளும். வசூலாகாத ஆபத்தைச் சுமப்பதற்குத்தான் ஏஜென்சி இடையில் நின்று தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்த ஆபத்தை உங்கள் தலையில் இறக்கினால் அந்தப் பங்கு எதற்கு? கேட்க வேண்டிய வாசகம் எளிது: "கிளையன்ட் செலுத்தினாலும் செலுத்தாவிட்டாலும் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள்."

இதில் பலர் கவனிக்காதது டைம்ஷீட், அதாவது வேலை செய்த நேரக் கணக்கு. இன்வாய்ஸ் அனுப்ப டைம்ஷீட் ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் தரும் மேனேஜர் லீவில் இருக்கிறார், 30 நாள் என்பது தொடங்கவே இல்லை என்று இழுப்பார்கள். ஐந்து வேலை நாளில் மறுப்பு வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

சட்டமும் கொஞ்சம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு முன்பே, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிந்துகொள்ளுங்கள். தனி ஆளாகச் சேவை செய்பவரும் பதியலாம், ஆதாரும் பானும் போதும், அரசுத் தளத்தில் பைசா கட்டணம் இல்லை (பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை). பதிந்தவருக்கு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், நீங்கள் முடித்துக் கொடுத்த வேலையை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. தவணை எதுவும் எழுதாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. போதாததற்கு, கெடுவுக்குள் தராத தொகையை ஏஜென்சி அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் கழிக்கவும் முடியாது. இன்வாய்ஸில் உதயம் எண்ணை அச்சடித்துவிட்டால் அவர்களுடைய ஆடிட்டரே பணத்தை அனுப்பச் சொல்லி நச்சரிப்பார்.

நான் விலகணும்னா 60 நாள் நோட்டீஸ், அவங்க நிறுத்தணும்னா 7 நாள். இது நியாயமா?

நியாயம் இல்லைதான், சட்டவிரோதமும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நாள் என்று கேளுங்கள். பெரும்பாலும் 30-க்கு இறங்கி வருவார்கள். அதைவிட முக்கியம், நின்ற நாள் வரை செய்த வேலைக்குப் பணம் உண்டு என்ற வரி. "ஒப்பந்தம் முறிந்தால் நிலுவை எதுவும் தரப்படாது" என்று எழுதியிருந்தால் அதை அடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மழைக்காலத்துல கரன்ட் இருக்காது, நெட் இருக்காது. அதுக்கும் பிடித்தம் பண்ணுவாங்களா?

ஒப்பந்தத்தில் விதிவிலக்கு இல்லாவிட்டால் பண்ணலாம். இயற்கைச் சீற்றம் பற்றிய ஷரத்து எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். ஆனால் சமவெளியில் உட்கார்ந்து எழுதியது அது: போர், கலவரம், பூகம்பம், வெள்ளம் என்று போகும். மண்சரிவு இருக்காது. மின்தடையும் இணையத் தடையும் "கான்ட்ராக்டரின் பொறுப்பு" என்று வேறொரு மூலையில் எழுதியிருப்பார்கள்.

நமக்கு இது வருடா வருடம் வரும் விஷயம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபரிலிருந்து வடகிழக்கு. 2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: மண்சரிவு, சாலை அடைப்பு, மாவட்ட நிர்வாகம் விடும் மழை எச்சரிக்கை, குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மேல் நீளும் மின்தடை இவற்றை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பதிலுக்கு, தடை வந்தால் இத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்வேன், கெடுவை அத்தனை நாள் மட்டும் தள்ளிக்கொள்கிறேன் என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள். இப்படி எழுதிக் கேட்பவரைச் சாக்குச் சொல்பவர் என்று யாரும் நினைப்பதில்லை.

"அழைத்தால் மறுநாள் கோவை ஆபீஸில் இருக்க வேண்டும்" என்ற வரியையும் பாருங்கள். குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலை அடைத்தால் கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். அந்த வழியும் மழையில் எப்போதும் உறுதி இல்லை. 48 மணி நேர அவகாசமும் போக்குவரத்துச் செலவும் கேட்பது நியாயம்.

வேலை முடிஞ்ச பிறகு ரெண்டு வருஷம் இதே துறையில வேற எங்கயும் போகக் கூடாதாம். செல்லுமா?

பொதுவாகச் செல்லாது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்ய விடாமல் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது என்பது வேறு. அதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேருக்கு வேலை செய்கிறவர்கள் அதைத்தான் கவனிக்க வேண்டும். "முழு நேரமும் எங்களுக்கே" என்று இருந்தால் மற்ற வேலைகளை இணைப்பில் பட்டியல் போட்டு ஒப்புதல் வாங்குங்கள்.

ஏஜென்சி நிஜமாகப் பயப்படுவது வேறொன்றுக்கு: நீங்கள் நேராகக் கிளையன்ட்டிடம் போய்ச் சேர்ந்துவிடுவீர்களோ என்று. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. நீங்கள் நேரடியாக வேலை செய்த கிளையன்ட்டுக்கு மட்டும், ஆறு மாதம் என்றால் ஒத்துக்கொள்ளலாம். "ஏஜென்சியின் எல்லாக் கிளையன்ட்டும்" என்று இருந்தால் யார் யார் என்றே உங்களுக்குத் தெரியாது. செல்லாத ஷரத்துதானே என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். செல்லாது என்று நிரூபிக்க வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதும் செலவு உங்களுடையது.

நான் முன்னாடியே எடுத்து வெச்ச போட்டோ, எழுதின கோடு எல்லாம் அவங்களுக்குப் போயிடுமா?

எழுதியிருப்பதைப் பொறுத்தது. ஊழியர் வேலையின் பகுதியாக உருவாக்குவது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். தனி ஆளாகக் கான்ட்ராக்டில் செய்வது (பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ போன்றவை நீங்கலாக), எழுத்தில் மாற்றிக் கொடுக்கும் வரை, பெரும்பாலும் உங்களுக்குச் சொந்தம். அதனால்தான் ஏஜென்சி எழுதி வாங்குகிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி மாற்றிக் கொடுக்கும் ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அவர்கள் "என்றென்றைக்கும், உலகம் முழுவதும்" என்று எழுதுவது இதற்காகத்தான். அது தவறில்லை, ரேட்டும் அதற்கேற்ப இருக்கட்டும்.

கொடைக்கானல் பக்கத்துப் போட்டோகிராபர் ஒருவர் 2018-இல் குறிஞ்சி பூத்தபோது எடுத்த படங்கள் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அடுத்த பூப்பு 2030-இல். சுற்றுலா விளம்பரம் ஒன்றுக்கு ஏஜென்சி மூலம் வேலை வருகிறது; ஒப்பந்தத்தில் "பயன்படுத்தப்பட்ட எல்லாப் படைப்புகளும்" என்று இருக்கிறது. அந்த விளம்பரத்தில் பழைய குறிஞ்சிப் படம் ஒன்றைச் சேர்த்தால் அதன் மேல் இருக்கும் உரிமையும் போகலாம். ஏற்கெனவே உங்களுடையதை இணைப்பில் பட்டியல் போடுங்கள். அவற்றைப் பயன்படுத்த அனுமதி மட்டும் கொடுங்கள். முழுப் பணமும் வந்த பிறகே உரிமை மாறும் என்ற வரியையும் சேர்த்தால், முன்பு சொன்ன பணத் தகராறில் அது உங்கள் பிடி.

ஏஜென்சிக்கு வர்ற எந்த நஷ்டத்துக்கும் நானே பொறுப்புன்னு எழுதியிருக்கே, பயமா இருக்கு.

பயப்பட வேண்டிய ஷரத்துதான். மாதம் 60,000 வாங்குபவர் மேல் கோடிக் கணக்கில் பொறுப்பு ஏற்றும் வாசகம் அது. இரண்டு திருத்தம் கேளுங்கள். ஒன்று, உங்கள் தவறால் நேரடியாக வந்த நஷ்டத்துக்கு மட்டும். இரண்டு, அதுவும் கடைசி மூன்று அல்லது ஆறு மாதக் கட்டணத்துக்கு மிகாமல்.

"இடையில் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும்" போன்ற தொகை எழுதியிருந்தால், அது அப்படியே விதிக்கப்படும் என்று அர்த்தம் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி அந்தத் தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அவர்கள் உங்கள் பயிற்சிக்கு உண்மையில் செலவு செய்திருந்தால் அவர்கள் பக்கமும் வாதம் வலுவாக இருக்கும்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டும் தொகை எழுதாத செக்கும் கேக்கறாங்க.

இரண்டும் வேண்டாம். சர்டிபிகேட் நகல் போதும், குறுக்கே எந்தக் காரியத்துக்கு என்று எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கில் அவர்கள் தொகையை நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பினால் அது செக் மோசடி வழக்காகும். இரண்டு ஆண்டு வரை சிறைக்கு இடமுள்ள குற்றம் அது. கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும் ஏஜென்சியின் நோக்கம் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

மெயில்ல வந்த லிங்க்ல கையெழுத்துப் போட்டேன், ஸ்டாம்ப் பேப்பரே இல்ல. செல்லாதா?

மின்னணு முறையில் செய்த ஒப்பந்தம் செல்லும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அதை ஏற்கிறது. முத்திரைத் தாள் இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்று ஆகாது, ஆனால் நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முத்திரைக் கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டிவரும். நான் பார்க்கிற பிரச்சினை வேறு: ஏஜென்சி கையெழுத்திட்ட பிரதி பலரிடம் இருப்பதே இல்லை. இரண்டு தரப்புக் கையெழுத்தும் எல்லா இணைப்புகளும் உள்ள பிரதி கைக்கு வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

தகராறுன்னா டெல்லி பக்கத்துல குருகிராம்ல தான் வழக்காம். இங்கிருந்து நான் எப்படிப் போறது?

போக முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறார்கள். கோயம்புத்தூர் என்று மாற்றக் கேளுங்கள், அல்லது நடுவர் விசாரணை (நீதிமன்றத்துக்குப் போகாமல் ஒரு நடுவரை வைத்துத் தகராறைத் தீர்ப்பது) காணொளியில் நடக்கும் என்றாவது சேர்க்கச் சொல்லுங்கள். நடுவரை ஏஜென்சியே தனியாக நியமிக்கும் என்று இருந்தால் அதை எதிர்க்கலாம். வழக்கின் முடிவில் அக்கறை உள்ளவர் ஒரே நடுவரை நியமிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் சொன்னது.

உதயம் பதிவு இங்கேயும் கைகொடுக்கும். பணம் வராத புகாரை, முன்பு சொன்ன 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட தகராறுகளுக்காக அமைந்த வசதி மன்றத்தில் (ஃபெசிலிடேஷன் கவுன்சில்) கொடுக்கலாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சேவை தந்தவர் இருக்கும் பகுதியின் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஒப்பந்தத்தில் தனியாக நடுவர் ஷரத்து இருப்பது இதைத் தடுக்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் ஊட்டி நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது.

"எல்லாருக்கும் ஒரே ஃபார்மேட், ஒரு எழுத்துகூட மாத்த முடியாது"ன்னா?

அசலை மாற்றாமல் வொர்க் ஆர்டரில் சேர்க்கக் கேளுங்கள். அதை மாற்ற அவர்களுக்கும் பெரும்பாலும் தலைமை அலுவலக அனுமதி தேவைப்படாது. இணைப்பும் முதன்மை ஒப்பந்தமும் முரண்பட்டால் இணைப்பே செல்லும் என்ற வரி அதில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சண்டை போட வேண்டாம். பணம் வரும் தேதி, பொறுப்பின் உச்சவரம்பு, நின்ற நாள் வரை பணம் ஆகிய மூன்றும் கிடைத்தால் நோட்டீஸ் நாளையும் வழக்கு ஊரையும் நான் விட்டுக்கொடுப்பேன். மூன்றில் ஒன்றுகூடத் தர மறுப்பவரிடம், வேறு வருமானம் இருக்கிறவர் போக வேண்டியதில்லை. இல்லாதவர் முதல் மாதப் பணம் வரும் வரை அடுத்த மாத வேலையைக் கொஞ்சமாக மட்டும் ஏற்றுக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போட்டு நாலு மாசம் ஆச்சு. இப்பதான் இதையெல்லாம் படிக்கறேன்.

உதயம் பதிவை இன்றே செய்யுங்கள். ஒப்பந்தம் முடியும் தேதி எது, தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து இருக்கிறதா, இருந்தால் எத்தனை நாளுக்கு முன் மறுக்க வேண்டும் என்று பார்த்துக் காலண்டரில் குறித்துவையுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் மேலே சொன்ன மூன்றையும் மெயிலில் கேளுங்கள். நாலு மாதம் ஒழுங்காக வேலை செய்து கொடுத்தவரை மாற்றப் புது ஆள் தேட வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். முதல் நாளைவிட அப்போது உங்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.